மேல்படுக்கைக்காரன்

சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் சரி, வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, உள்ளே எப்போதும் ஒரே மாதிரியான ஈரப் புழுக்கம்தான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து இறங்கும். சிலது வெறும் அழுக்கு. சிலதைத் தொடுவதற்கு முன்னால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். கொதிநீரில் புரட்டி, பிழியும் எந்திரத்தில் சுழற்றி, கடைசியில் நீராவி மேஜைக்கு வந்து சேரும்போது, அந்த விரிப்பில் யார் படுத்திருந்தார், பிழைத்தாரா போனாரா என்பதற்கு ஒரு தடயமும் மிச்சமிருக்காது. வெள்ளை வெளேரென்று, தொட்டால் சுடுகிற புதுசாக இருக்கும்.

அந்த நீராவி மேஜையில்தான் அவளுக்கு வேலை. மிதியைக் காலால் அமுக்கினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பி ஆளையே மறைத்துவிடும். அதனால் கூடத்தில் அவளுக்கு ஆவிக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அது என்ன அப்படி ஒரு பெயர் என்று கேட்டால், “நான் ஆவிக்காரிதான். ஆவி வேற ஆளு. அது கப்பல் கப்பலாச் சுத்திக்கிட்டிருக்கு” என்று அவளே சொல்லிச் சிரிக்கவைப்பாள். சிரித்து முடித்த பிறகுதான் பழைய ஆட்கள் புதியவளின் விலாவில் இடித்து, அது அவள் புருஷன் விஷயம் என்று கண்ணைக் காட்டுவார்கள்.

புருஷன் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனவன். போகும்போது மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குத் துறைமுகம் போன் வரும். எஞ்சின் சத்தத்தில் காது பாதி அடைத்துப்போய், எதையும் கத்திக் கத்திப் பேசுவான். அவள் எதிர்முனையில் சிரிப்பாள். ஒரு கட்டத்தில் போன் நின்றது. மாதக்கணக்கில் அலைந்த பிறகு கப்பல் கம்பெனியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்கள்: ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போனவர் திரும்பி ஏறவில்லை.

அந்த ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். அங்கேயே ஒருத்தியைப் பிடித்துக்கொண்டான் என்றது அக்கம்பக்கம். ஏதோ ஜெயிலில் கிடக்கிறான் என்றாள் நாத்தனார். வந்துகொண்டிருக்கிறான் என்றார் மாமனார், இப்போதுதான் பஸ் ஏறியவனைப் பற்றிச் சொல்வதுபோல. அவள் மட்டும் கதை ஒன்றும் கட்டவில்லை. செத்துப்போனவருக்கு அழலாம். ஓடிப்போனவரைத் திட்டலாம். இறங்கிப் போனவரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள்.

அன்றைக்குப் பாய்லர் மக்கர் பண்ணியது. பழுது பார்க்கிறவர் வர நேரமாகும் என்று மேஸ்திரி எல்லாரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார். விடாத மழை. பட்டப்பகலில் சாயங்காலம்போல இருட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடமும் இல்லை என்பதால் மகள் வீட்டில்தான் இருந்தாள். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாற்காலிக்கு வயர் பின்னிக்கொண்டிருந்தார். லேத்துப் பட்டறையில் காலமெல்லாம் இரும்பு சீவியவர். பொறி பட்டுப் பட்டுக் கண் மங்கி, இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் தெரியும். கை மட்டும் கண்ணுக்கும் சேர்த்து வேலை செய்யும். அந்தக் கட்டிடத்தில் எந்த வீட்டு நாற்காலி தொங்கிப்போனாலும் மூன்றாம் மாடிக்குத்தான் வரும்.

அவள் கொடியில் காயாத துணிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மாமனார் வயரை இழுத்துப் பிடித்தபடி தலையைச் சாய்த்தார்.

அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாடிக்கு மேலே நடுவில் ஒரு படி ஆடும். தெரியாதவர்கள் மிதித்தால் டொக்கென்று சத்தம் போட்டு ஆளைத் தூக்கிவாரிப்போடும். இந்த வீட்டு ஆட்கள் இருட்டிலும் அதைத் தாண்டித்தான் ஏறுவார்கள். பால்காரரிலிருந்து கணக்கெடுக்க வந்தவர்வரை, வெளியாள் யார் வந்தாலும் அந்த டொக் கேட்டுவிடும்.

காலடி ஏறியது. ஒரு கணம் நின்றது. பிறகு மேலே கேட்டது.

“தாண்டிட்டான்” என்றார் மாமனார்.

நாத்தனாராக இருக்கும் என்று சொல்ல நினைத்தாள். முதல் மாடியில் இருக்கும் நாத்தனாரின் செருப்புச் சத்தம் வேறு. இது ஆண்பிள்ளைக் காலடி. கனமாக, அவசரமில்லாமல், வழி தெரிந்த காலடி.

கதவு திறந்துதான் இருந்தது. வந்தவன் குனிந்து உள்ளே வந்தான். அவள் புருஷன் நெட்டை. நிலைப்படியில் இடித்து இடித்து, கடைசியில் குனிவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. வந்தவன் குள்ளம். நிமிர்ந்து வந்தாலும் தலைக்கு மேலே ஒரு சாண் இடம் மிச்சமிருக்கும். அவன் குனிந்தான். உள்ளே வந்து நிமிர்ந்தான். இருட்டாக இருக்கவும், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் கையை விட்டு விளக்கைப் போட்டான். அலமாரியைக் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து அந்த சுவிட்ச் அதன் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. தெரியாதவர்கள் அறை முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

வெளிச்சத்தில் பார்த்தாள். முன்பின் பார்த்திராத முகம். சப்பை மூக்கு, காதோரம் நரை, மழையில் நனைந்த சட்டை. கக்கத்தில் ஒரு வட்டமான தகரப் பெட்டி.

மாமனார் எழுந்துவிட்டார். மடியிலிருந்த நாற்காலி உருண்டு விழுந்தது. காற்றில் துழாவி வந்தவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டியாடா?” என்றார்.

வந்தவன் அவளைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அந்தக் கிழவரின் முகத்தில் அப்படி ஒரு களை வந்து அவள் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே அதை அணைக்க நாக்கு எழவில்லை.

“வந்துட்டேன்பா” என்றான் வந்தவன்.

குரல் வேறுதான். ஆனால் ‘பா’வைச் சற்று இழுத்து, கடைசியில் விட்டுவிடுகிற அந்த முறை அவள் புருஷனுடையது.

மாமனார் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவனாகவே போய், சுவரில் சாய்ந்து, வலது காலை மட்டும் நீட்டி, புருஷன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். மகள் அம்மாவின் பின்னால் வந்து நின்றுகொண்டாள். புடவையைப் பிடித்து இழுத்து, காதைக் காட்டச் சொன்னாள்.

“அப்பாவா?”

“இல்ல.”

“தாத்தா அப்படித்தானே கூப்பிடுறாரு?”

“தாத்தாவுக்குக் கண்ணு சரியில்ல.”

மகள் சற்று யோசித்தாள். “காது நல்லாத்தானே இருக்கு?” என்றாள்.



சத்தம் கேட்டு நாத்தனார் மேலே ஏறி வந்தாள். புருஷனுக்கு அக்கா. துணிக்கடைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறவள். விரலில் ஊசியும் வாயில் பேச்சும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வாசலிலேயே நின்று, யாரு இது என்று அவளைக் கேட்டாள். தம்பி வந்துட்டான்மா என்று மாமனார் சொன்னார். நாத்தனார் வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்தால், இன்னும் ஒரு மூச்சில் கட்டிடமே கூடிவிடும் என்று தோன்றியது.

“உட்காரு, சைரன்” என்றான் வந்தவன், நிமிர்ந்து பார்க்காமலே.

பட்டறைச் சங்கு ஊதுவதுபோல அழுவாள் என்று சின்ன வயதில் தம்பி வைத்த பட்டப்பெயர் அது. கல்யாணமாகிப் போனபிறகு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. நாத்தனார் உட்கார்ந்தாள். அவள் பேச்சற்று உட்கார்ந்து அந்த வீடு பார்த்தது அன்றைக்குத்தான்.

வந்தவன் தகரப் பெட்டியை நடுவில் வைத்துத் திறந்தான். மூடியில் எறும்பு ஊர்ந்துபோன மாதிரி ஏதோ ஒரு நாட்டு எழுத்து. உள்ளே மெழுகுத்தாள். தாளை விலக்கினால் முழுக்க வெள்ளை மாவு. மாவுக்குள் விரலை விட்டு ஒரு துண்டை எடுத்தான். சதுரமாக, வெளிறிய ரோஜா நிறத்தில், விரல் நடுவில் லேசாக ஆடியது. ஜன்னல் பக்கம் பிடித்தபோது வெளிச்சம் அதற்குள் நுழைந்து பாதி வழியில் நின்றுகொண்டது. நடுவே பச்சையாக ஒரு பருப்பு, தண்ணீருக்கடியில் கிடக்கிற கல்போல.

“இதைத் திங்கணுமா, தேய்ச்சுக் குளிக்கணுமா?” என்றாள் நாத்தனார். சிரிப்புக்காகத்தான் சொன்னாள். குரல் நடுங்கியதில் யாரும் சிரிக்கவில்லை.

கடிக்கக் கூடாது என்று வந்தவன் சொல்லிக்கொடுத்தான். நாக்கில் வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவசரப்படக் கூடாது. அது தானாக இளகி வரும். முதலில் மாமனாரின் உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்தான். பிறகு நாத்தனாருக்கு, மகளுக்கு. கடைசியில் அவளுக்கு.

வாயில் போட்டதும் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. மாவு மட்டும் அண்ணத்தில் ஒட்டியது, சுண்ணாம்புச் சுவரை நக்கினாற்போல. பிறகு வாசனை வந்தது. பூ வாசனை, ஆனால் செடியிலிருக்கிற பூவின் வாசனையில்லை. மூடிய அறையில் யாரோ வைத்துவிட்டுப் போன பூவின் வாசனை. பல்லை வைத்தால் உடையவில்லை, கரையவும் இல்லை. கொஞ்சம் உள்வாங்கி, பல்லைப் பிடித்துக்கொண்டது. இனிப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது, கூப்பிட்டு வெகுநேரம் கழித்து வருகிற ஆள்போல. வந்தபிறகு போகவில்லை. விழுங்கின பிறகும் தொண்டையில் நின்றது.

நல்லாயிருக்கு என்றாள் மகள். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு மென்று, இது நம்ம பக்கத்துச் சாமானே இல்லை என்றார் பெருமையாக. எல்லார் உதட்டிலும் வெள்ளை மாவு அப்பியிருந்தது. விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தெரிந்த முகங்கள்தான். வாய் மட்டும் வெளுத்து, யாரோபோல இருந்தார்கள்.

மாமனார் பேச ஆரம்பித்தார். பட்டறைக்கு மகனை முதன்முதலாகக் கூட்டிப்போன நாளைப் பற்றிச் சொன்னார். பாதியில் அவர் மறந்த இடத்தில் வந்தவன் எடுத்துக்கொண்டான். லேத்திலிருந்து சுருள் சுருளாக விழுந்த இரும்பைப் பளபளப்பாக இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொண்டு வந்ததையும், தொடையெல்லாம் கீறி ரத்தம் வந்ததையும், அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா இயந்திர எண்ணெய் தடவி மறைத்ததையும் சொன்னான். அது அப்பனுக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவளே அன்றுதான் கேட்டாள். ஒருவேளை நமக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டதோ, புருஷனின் முகம் இதுதானோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. மனதுக்குள் பழைய முகத்தைத் தேடினாள். அது மாவு படிந்தாற்போல மங்கலாகத் தெரிந்தது.

“கொஞ்சம் தண்ணி குடு, கஞ்சி” என்றான் வந்தவன்.

அவள் வேலை செய்கிற இடத்தில் வெள்ளைத் துணிக்குக் கஞ்சி போடுவார்கள். கல்யாணமான புதிதில் அவள் விறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கஞ்சி போட்ட துணி மாதிரி நிற்கிறாயே என்று புருஷன் வைத்த பெயர். கதவைச் சாத்திய பிறகு மட்டும் சொல்கிற பெயர். மாமனாருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது.

அவள் தண்ணீர் கொடுக்கவில்லை. எழுந்து வெளித் தாழ்வாரத்துக்குப் போனாள். போகும்போது அவனைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவன் பின்னாலேயே வந்தான், குனிந்து.

தாழ்வாரத்தில் மழைச் சாரல் அடித்தது. பொதுக்குழாய்க்குக் கீழே யாரோ வைத்துவிட்டுப்போன வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“நீங்க யாரு?”

“அண்ணனுக்குக் கீழ்படுக்கை. எனக்கு மேல்படுக்கை. ஒரே கேபின்” என்றான் அவன். இப்போது அவன் குரலில் இழுவை இல்லை. வேறொருவனாக, சோர்ந்துபோனவனாக இருந்தான்.

அவள் அடுத்ததைக் கேட்கவில்லை. அவன் தானாகத்தான் சொன்னான். எஞ்சின் அறையில் வேலை முடிந்து படுத்தால் சீக்கிரம் தூக்கம் வராது. அண்ணன் வீட்டைப் பற்றிச் சொல்வார். இவனுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. விடுதியில் வளர்ந்தவன், அப்பா அம்மா யாரென்று தெரியாது. கேட்டுக்கொண்டு மட்டும் படுத்திருப்பான். கொஞ்ச நாளில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, குழாயடியில் திரும்பி, படியேறி. அண்ணன் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்.

“எந்தப் படியைத் தாண்டணும், சுவிட்சு எங்க இருக்கு, அப்பா எந்தக் கையில வயரைப் பிடிப்பாருன்னு கேப்பாரு. தப்பாச் சொன்னா மறுபடியும் பஸ்ஸிலேருந்து இறங்கணும். நான் தப்பே சொல்லாத அளவுக்கு ஆயிட்டேன். அப்புறம் அவருக்கு மறந்துபோனதை நான் எடுத்துக்கொடுத்தேன்.”

“அவரு எங்க?”

அவன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். காய்ச்சல். முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. கப்பலில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு துறைமுகத்தில் நிற்கும்போது அண்ணனுக்கு நினைவு தப்பிவிட்டது. இவன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி ஆஸ்பத்திரியைத் தேடிப் போனான். கப்பல் காத்திருக்கவில்லை. இரண்டு பேரும் இறங்கிப் போய்த் திரும்பி ஏறவில்லை என்று எழுதிவிட்டார்கள். கையில் ஒரு தாளும் இல்லாமல் அந்த ஊரில் மாட்டிக்கொண்டு, மூட்டை தூக்கி, போலீஸில் அகப்பட்டு, விடுபட்டு, இவன் வந்துசேர இத்தனை காலமாகிவிட்டது. போன் நம்பரெல்லாம் அண்ணனின் போனோடு போய்விட்டது. வழி மட்டும் தெரியும்.

“அங்கேயே மண்ணுல வெச்சேன், அண்ணி. நல்ல இடம்தான். கடல் தெரியும்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. தொண்டையில் இன்னும் அந்த இனிப்பு இருந்தது. எச்சிலை விழுங்கினாள். அது மறுபடியும் வந்தது.

“அந்த இனிப்பு?”

“ஆஸ்பத்திரிக்குக் கீழே ஒரு கடை. கடைசியில அவருக்கு எதுவும் இறங்கல. தண்ணியும் இறங்கல. இதை ஒரு துண்டு நாக்குல வெச்சா மட்டும் கண்ணைத் திறப்பாரு. கடைசியா வாயில இருந்தது அதுதான். நான் கிளம்பும்போது அதே கடையில வாங்கிட்டு வந்தேன்.”

அவள் புடவைத் தலைப்பால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு, ஏன் துடைத்தோம் என்று கையைக் கீழே போட்டாள்.

“இன்னொண்ணும் இருக்கு” என்றான் அவன். “சொல்லலாமா வேண்டாமான்னு வழியெல்லாம் யோசிச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போலாம்டான்னாரு. சரின்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். பஸ்ஸிலேருந்து இறங்கினோம். மருந்துக்கடை, குழாயடி, படி எல்லாம் சரியாச் சொன்னாரு. மேல வந்து நின்னுட்டாரு. கதவு தெறந்திருக்குன்னாரு. உள்ள போங்கண்ணேன்னேன். போகல. எல்லாரும் உக்காந்திருக்காங்கடா, எல்லார் வாயும் வெள்ளையா இருக்குன்னாரு. என் இடத்துல எவனோ ஒருத்தன் உக்காந்திருக்கான்னாரு.”

மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே மாமனார் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

“யாருண்ணேன்னு கேட்டேன். முகம் தெரியலன்னாரு. அப்புறம் கண்ணைத் திறந்து என்னையே ரொம்ப நேரம் பாத்தாரு. கோவமா இருக்கும்னு பயந்தேன். கோவமில்ல. போடா, நீ போய்ட்டு வான்னாரு. அவ்வளவுதான்.”

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். திறந்த கதவு வழியாக உள்ளே வெளிச்சம் தெரிந்தது. மாமனார், நாத்தனார், மகள். நடுவில் பெட்டி. அவன் எழுந்து வந்த இடம் காலியாக இருந்தது. அவள் நிற்கிற இடத்தில்தான் புருஷன் நின்றிருப்பான், எங்கோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி. தன் தோளுக்குப் பக்கத்தில் ஆள் நிற்பதுபோல ஒரு குளிர் அவள் கழுத்தைத் தொட்டது. அவள் விலகவில்லை. விலகினால் போய்விடுமோ என்று அப்படியே நின்றாள். அது சாரல்தான் என்று தெரிய வெகுநேரமாயிற்று.

வந்தவன் மெல்லச் சொன்னான். அப்பாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம். அவர் இருக்கிறவரைக்கும் வந்து போகிறேன். இல்லையென்றால் இங்கேயே இருக்கிறேன். அண்ணனாக இருப்பது எனக்கு ஒரு சிரமமுமில்லை. வேறாக இருப்பதுதான் இப்போதெல்லாம் சிரமமாக இருக்கிறது.

அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கும் படி தாண்டி ஒருத்தர் வருவார். மாமனாரின் முகம் அப்படியே இருக்கும். மகளுக்கு அப்பா என்று கூப்பிட ஆளிருக்கும். கதவைச் சாத்தியபின் அந்தப் பெயரைச் சொல்லவும் ஒரு வாய் இருக்கும். அவளுக்குள் ஏதோ ஒன்று அதன்மேல் சாய்ந்தது. சாய்கிறதை அவளே பார்த்தாள்.

“என்னை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க” என்றாள். “அது அவரோட போகட்டும்.”

உள்ளே போனாள். மாமனாரின் முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை அவள் தொட்டதில்லை. அந்தத் தொடுதலிலேயே அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“இவரு அவரு இல்ல, மாமா” என்றாள். “அவரு இல்ல.”

கிழவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். “ரெண்டு சேதி சொன்னியா, ஒண்ணு சொன்னியா?” என்று கேட்டார்.

“ரெண்டு” என்று, தாழ்வாரத்தில் கேட்டதை நாலு வார்த்தையில் சொன்னாள்.

சைரன் என்று பெயரெடுத்த நாத்தனார் சத்தமில்லாமல் அழுதாள். பொத்தான் தைக்கிற ஊசி இன்னும் விரலில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள். மகள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, அம்மாவின் மடியில் வந்து ஏறிக்கொண்டாள். மடியில் ஏறுகிற வயதைத் தாண்டிவிட்ட பெண். மாமனார் விழுந்துகிடந்த நாற்காலியைத் தேடி எடுத்து, வயரைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தார். மேலே போக வேண்டியது கீழே போயிற்று. அவிழ்த்தார். மறுபடியும் தப்பாகப் போயிற்று. அவிழ்த்தார். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, உலையை ஏற்றினாள். எல்லாரும் சாப்பிட்டாக வேண்டும்.

வந்தவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நான் கிளம்பறேன் அண்ணி என்றான். யாருக்கும் கேட்காத குரலில் மன்னிப்புப்போல ஏதோ சொன்னான்.

“எங்க போவே?” என்றார் மாமனார், நாற்காலியிலிருந்து தலையெடுக்காமல்.

அவன் படிக்கட்டுப் பக்கம் பார்த்தான்.

“உள்ள வா. நிமிர்ந்தே வா, உனக்கு இடிக்காது. குரல் எந்த உயரத்துலேருந்து வருதுன்னு தெரியுது எனக்கு.”

அவன் நிமிர்ந்து வந்தான். தலைக்கு மேலே இருந்த அந்த ஒரு சாண் வெற்றிடம் அவளுக்குக் கண்ணில் பட்டது. வந்தவன் சுவரோரமாகப் போகவில்லை. அறை நடுவில், எங்கே உட்காருவதென்று தெரியாத விருந்தாளியைப்போல நின்றான். மாமனார் தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார்.

“என் பையன் உனக்கு இந்த வீட்டைச் சொன்னானில்ல” என்றார். “நீ உன் வீட்டைச் சொல்லு, தம்பி.”

“எனக்கு வீடு கிடையாதுப்பா.”

“தூங்கின இடம் ஒண்ணு இருக்குமில்ல. சின்னதுல. அதைச் சொல்லு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “பஸ்ஸிலேருந்து இறங்கி” என்று ஆரம்பித்தான். “மருந்துக்கடையைத் தாண்டி, குழாயடியில...” சட்டென்று நிறுத்தினான். அவன் முகத்தில் கலவரம் வந்தது. இல்லை, அது இல்லை என்றான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் அதே குழாயடியில் வந்து நின்றான். இருட்டில் சுவரைத் தடவுகிறவன்போல அவன் கை தரையில் நகர்ந்தது. அவனுக்கு வியர்த்துவிட்டது. இவனுக்குள்ளே இவன் வீட்டின்மேல் தங்கள் வீடு ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்று அடுப்பெதிரில் நின்றிருந்தவளுக்குப் புரிந்தது.

“அவசரமில்ல” என்றார் மாமனார். “நாங்க இங்கதான் இருக்கோம்.”

உலை கொதித்தது. வெளியே வாளி வழிந்துகொண்டிருந்தது. நாத்தனார் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தாள்.

“படியே கிடையாது” என்றான் அவன் கடைசியில். குரல் உடைந்து, ஒரு சிறு பையனுடையதுபோல வந்தது. “தரையோட தரைதான். நீளமான ஒரு ஹால். கட்டிலெல்லாம் வரிசையா இருக்கும். எல்லாம் இரும்பு. என்னோடது... என்னோடது ஓரத்துல. ஜன்னல் பக்கம்.”

“ஜன்னல்ல என்ன தெரியும்?” என்று கேட்டாள் மகள்.

அவன் கண்ணைத் திறக்காமலே அந்த ஜன்னல் பக்கம் திரும்பினான், பார்க்க.